விருந்தாளி பாத்ரூமின் சாவி

அந்தக் கதவு இல்லை தம்பி. அது பூட்டிக் கிடக்கு. இழுக்காதீங்க, தாழ்ப்பாள் புதுசு.

பாத்ரூம்தான். இல்லைன்னு சொல்லலையே. ஆனா அது விருந்தாளி பாத்ரூம். நீங்க ஜன்னலுக்குக் கொசுவலை அடிக்க அளவெடுக்க வந்த ஆளு. உங்களை விருந்தாளிக் கணக்குல சேக்கிறதா வேண்டாமான்னு நான் இன்னும் முடிவு பண்ணலை.

பின்னாடி ஒன்னு இருக்கு. அதுக்கு என் வீட்டுக்காரி பூட்டுப் போட்டிருக்கா. சாவி அவ முந்தானையில. அவ தெருக்குழாய்ல தண்ணி பிடிக்கப் போயிருக்கா, இப்ப வந்துருவா. முன்னாடி இருக்கிற இதுக்கு நான் பூட்டுப் போட்டிருக்கேன். சாவி இந்தா, என் அரைஞாண் கயித்துல. ஒரே வீட்டுல ரெண்டு பாத்ரூம், ரெண்டு பூட்டு, ரெண்டு பேர்கிட்ட ரெண்டு சாவி. ஏன்னு கேப்பீங்கல்ல? உக்காருங்க, சொல்றேன். அவசரமா? ரொம்பவா, கொஞ்சமா? கொஞ்சம்னா உக்காரலாம். விசயம் தெரியாத ஆளை நான் அதுக்குள்ள விடறதில்லை.

நான் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல சைக்கிள் ஸ்டாண்டு வச்சிருந்த ஆளு தம்பி. நீங்க சாத்தூர்க்காரர்னா உங்க அப்பாகிட்ட கேட்டுப் பாருங்க, தெரியும். படிப்பு மூணாங் கிளாஸோட சரி. ஆனா டோக்கன் இல்லாம ஒரு வண்டி என் ஸ்டாண்டை விட்டு வெளியே போனதில்லை. தலையைத் தூக்கிப் பாக்க மாட்டேன், சத்தத்தை வச்சே சொல்லுவேன். செயின் கவர் ஆடினா தபால்காரர். மக்கார்டு கடகடத்தா பள்ளிக்கூடத்து வாத்தியார். அடுத்தவன் வண்டியை எடுக்க வந்தவனை எப்படிக் கண்டுபிடிப்பேன் தெரியுமா? சொந்தக்காரன் நேரா வந்து ஸ்டாண்டை எத்துவான். எடுக்க வந்தவன் முதல்ல சீட்டைத் தடவுவான். இதெல்லாம் எந்தப் பள்ளிக்கூடத்துலயும் சொல்லித் தர மாட்டாங்க.

அப்படிப்பட்டவன் வீட்டுக்குள்ளயே ஒரு ஏற்பாடு நடந்திருக்கு. அதைத்தான் சொல்ல வர்றேன்.

மார்கழியில ஆரம்பிச்சது. பின்னாடி கக்கூஸ்ல கல்லு பாவின தரை, மழை பெஞ்சு பாசி பிடிச்சிருந்தது. ஒரு நாள் காலையில போனவன் அங்கயே கொஞ்சம் உக்காந்துட்டேன். விழலை. விழுந்தேன்னு அவ சொல்லுவா, நம்பாதீங்க. விழுந்தா மனுசன் சத்தம் போடுவானா மாட்டானா? நான் ஒரு சத்தம் போடலை. சும்மா சுவத்துல சாஞ்சு காலை நீட்டி உக்காந்திருந்தேன். சோப்பு கீழே விழுந்திருந்தது, அதையும் தேடணும்ல. காபி ஆறிப் போச்சேன்னு அவ தேடிக்கிட்டு வந்து கதவைத் தள்ளுறா, கதவு என் கால்ல இடிக்குது. உள்ளே தள்ளுற கதவு அது. இடுக்கு வழியா ஒரு கையை விட்டு என் காலைத் தொட்டுப் பாக்கிறா.

"ஏங்க... ஏங்க... பேசுங்க."

"என்ன பேசச் சொல்ற? சோப்பைத் தேடுறேன்."

காலை மடக்கினப்புறம்தான் அவளால உள்ளே வர முடிஞ்சது. தூக்கிவிட்டா. என்னைத் தூக்கிவிடணும்னு அவசியம் இல்லை, ஆனா வந்தவளை வேண்டாம்னு சொல்ல முடியுமா? அவ்வளவுதான் நடந்தது. அதை அதோட விட்டாச்சு. முட்டியில கொஞ்சம் வீக்கம், தைலம் தேச்சேன், போயிருச்சு. அப்பப்ப வரும், போகும்.

அதுக்கப்புறம் ரொம்ப நாள் ஆகலை. பொங்கல் கரும்புச் சக்கை வாசல்ல கிடக்கு. அவ வெங்காயம் உரிச்சுக்கிட்டே சொல்றா, "முன்னாடி இருக்கிற பாத்ரூமைக் கொஞ்சம் சரி பண்ணுவோம். விருந்தாளிங்க வந்தா போக ஒரு இடம் வேணும்ல."

இந்தப் பாத்ரூம் எங்க மக கல்யாணத்தப்ப மாப்பிள்ளைக்குன்னு கட்டினது தம்பி. மாப்பிள்ளை ரெண்டு தடவை வந்தாரு, அப்புறம் தூத்துக்குடியில வேலைன்னு குடும்பத்தோட போயாச்சு. அதுக்குப் பிறகு என் ஸ்டாண்டு சாமான்தான் அதுக்குள்ள. பழைய டயர், பெல்லு, ரெண்டு கேரியர், வண்டிங்க சாஞ்சு நிக்கிற இரும்பு பைப்பு. யாரும் அந்தக் கதவைப் பத்திப் பேசினதே இல்லை. இப்பத் திடீர்னு விருந்தாளி.

"எந்த விருந்தாளி?"ன்னு கேட்டேன்.

"யாராவது வருவாங்கல்ல."

பாத்தீங்களா? பேரு கேட்டா பேரு வரலை. டோக்கன் எங்கன்னு கேட்டா பையைத் தடவுவாங்க பாருங்க, அதே முழி.

இந்த வீட்டுக்கு வரக்கூடிய விருந்தாளி ஒரே ஒருத்தன்தான். அவ அண்ணன் திரவியம். சங்கரன்கோவில்ல எலக்ட்ரிக் சாமான் கடை வச்சிருக்கான். அவனுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லை. எதனாலன்னா, எங்க மக பேச்சிக்குக் குலசாமி கோயில்ல காது குத்து. தாய்மாமன் மடியில உக்கார வச்சுத்தான் குத்தணும், உங்களுக்கே தெரியும். ஆசாரி கம்பியைக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரு. பிள்ளை அழுகுது. மச்சானைக் காணோம். நல்ல நேரம் போய்க்கிட்டிருக்கு. நான் என்ன பண்ணுவேன்? என் கூட வந்த டீக்கடைக்காரரை உக்காரச் சொல்லி அவர் மடியில வச்சுக் குத்திட்டோம். குத்தி முடிச்சு ரத்தம் துடைக்கையில வர்றான், தலையில சீர்த் தட்டோட. பஸ் நடுவழியில நின்னு போச்சாம், நடந்தே வந்தானாம். சட்டையெல்லாம் வேர்வையில ஒட்டிக் கிடந்தது, அதை நான் மறுக்கலை. ஆனா வேர்வை யாருக்கும் வரும். தட்டை இறக்கி வச்சான். பிள்ளை காதைப் பாத்தான். டீக்கடைக்காரரைப் பாத்தான். அப்படியே திரும்பி நடந்துட்டான். என்னை அத்தனை சனத்துக்கு முன்னாடி கேவலப்படுத்திட்டுப் போறான், பாருங்க.

நல்ல நேரம் முடிய இன்னும் கொஞ்சம் இருந்துச்சுன்னு கனி இன்னைக்கும் சொல்லுவா. சண்முகக்கனி, என் வீட்டுக்காரி. என் வாட்சு அப்படிச் சொல்லலை.

அதுலேர்ந்து அவன் இந்த வீட்டு வாசப்படி மிதிச்சதில்லை. இவதான் வருசத்துக்கு ஒரு தடவை அங்க போயிட்டு வருவா. போன வருசம் திரவியம் ஏணியில இருந்து விழுந்து இடுப்புல அடி. ஆபரேசன் ஆச்சு. ஒரு பக்கமா சாஞ்சு சாஞ்சு நடக்கிறான்னு வந்து சொன்னா, சொல்லி அழுதா. இப்பச் சேத்துப் பாருங்க. இடுப்பு ஒடிஞ்ச அண்ணன், பாசமான தங்கச்சி, திடீர்னு ஒரு விருந்தாளி பாத்ரூம். வந்து ரெண்டு நாள் இருந்துட்டுப் போறவனுக்கு இவ்வளவு செய்வாங்களா? நிரந்தரமா கொண்டாந்து வைக்கப் போறா. என் வீட்டுல, என் ஹால்ல, என் நாற்காலியில.

நான் சொல்லிட்டேன், "அவன் இந்த வீட்டுக்குள்ள வந்தா நான் வெளியே போயிருவேன்."

அவ, "யாரு வந்தா?"ங்கிறா. ஒன்னுமே தெரியாத மாதிரி.

மகளும் உடந்தை. என் காது எப்படின்னு சொன்னேன்ல. கனி போன்ல பேசும்போது அந்தப் பக்கம் பேச்சி பேசுறது எனக்கு ஹால்ல இருந்தே கேக்கும். "அப்பாகிட்ட மட்டும் இப்பச் சொல்லிராதம்மா, முறைச்சுக்கிட்டு நிப்பாரு" அப்படிங்கிறா. காது குத்தும்போது அழுத பிள்ளை. அவளுக்காகத்தான் இத்தனை சண்டையும். அவளே மாமன் பக்கம்.

இருங்க, காலை மாத்திப் போட்டு உக்காருங்க, அடக்கிறது சுளுவா இருக்கும்.

இருளப்பன் கொத்தனார் வந்தாரு. கையில இருந்த காசு கம்மி, அதனால எல்லாமே மிச்சம் மீதியிலதான். சுவர்ல இருந்த டைல்ஸை அப்படியே விட்டாச்சு. கோவில்பட்டியில ஒரு பழைய லாட்ஜை இடிச்சாங்க, அங்க இருந்து வெஸ்டர்ன் கோப்பை ஒன்னு. மூடி மட்டும் புதுசு. கல்யாண மண்டபத்துச் சமையக்கட்டுக்குப் போட்டு மிஞ்சின சொரசொரப்பான டைல்ஸ், தரைக்கு. பாதி சாம்பல், பாதி செங்கல் கலரு. சேராது. சேரலைன்னா என்ன, வழுக்காதுல்லன்னு கனி சொல்றா.

கொத்தனார் நல்ல டைல்ஸை வேற வீட்டுக்குத் தள்ளிட்டு ஓட்டை உடைசலை இங்க ஒட்டிட்டா? அதனால ஒவ்வொரு டைல்ஸ் முதுகுலயும் சாக்பீஸால ஒரு குறி போட்டு வச்சேன். டோக்கன் மாதிரி. இருளப்பன் பாத்துட்டுக் கேக்கிறாரு, "அண்ணாச்சி, ஒட்டினதுக்கப்புறம் முதுகை எப்படிப் பாப்பீக?"

"அது என் பிரச்சினை. நீரு ஒட்டும்"னு சொல்லிட்டேன். கேள்வி நியாயமானதுதான். ஆனா அதைக் கேட்ட விதம் எனக்குப் பிடிக்கலை.

வேலை நடந்தவரைக்கும் அந்தப் பாத்ரூம் வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்துட்டேன். சாப்பாடு கூட அங்கதான். அப்படியும் என் கண்ணுல மண்ணைத் தூவிட்டாங்க. எப்படின்னா, என் ஸ்டாண்டு பைப்பைக் காணோம். டயர் இருக்கு, கேரியர் இருக்கு, பைப்பு இல்லை. இருளப்பன்மேலதான் எனக்குச் சந்தேகம். அவர் சைக்கிள் கேரியர்ல பாத்தேன், பைக்குள்ள கையை விட்டுப் பாத்தேன். கரண்டி, ரசமட்டம், ஒரு பொட்டலம் காராச்சேவு. கேட்டதுக்கு, "அண்ணாச்சி, அம்மாகிட்ட கேளுங்க"ன்னுட்டாரு.

மறுநாள் பாக்கிறேன், என் பைப்பு வெள்ளை பெயிண்டு அடிச்சு வெயில்ல காயுது. அறுத்து ரெண்டு துண்டா ஆக்கியிருக்கு. கோப்பைக்குப் பக்கத்துச் சுவர்ல ஒன்னு, குளிக்கிற இடத்துல ஒன்னு. பிடிச்சுக்கிட்டு எந்திரிக்கவாம். எவ்வளவு வண்டி சாஞ்சு நின்ன பைப்பு தெரியுமா அது? எத்தனை வருசம் நான் உக்காந்து எந்திரிச்ச இடத்துல நின்ன பைப்பு. அதைப் பிடிச்சுக்கிட்டு திரவியம் எந்திரிக்கணுமா?

"கேக்காம எடுத்தது தப்பு"ன்னு கத்தினேன்.

"கடையில வாங்கினா எவ்வளவு விலை தெரியுமா? வீட்டுல சும்மா கிடந்துச்சு, எடுத்தேன்"ங்கிறா கனி.

அப்புறம் கதவு. உள்ளே தள்ளுற கதவைக் கழட்டி வெளியே இழுக்கிற மாதிரி மாட்டச் சொல்றா. உலகத்துல எந்த வீட்டுல பாத்ரூம் கதவு ஹாலுக்குள்ள திறக்கும்? வர்ற போறவங்க மூக்குல இடிக்காதா? கேட்டா, "உள்ள இடம் பத்தாது"ங்கிறா. திரவியம் நல்ல தொந்தியும் தொப்பையுமான ஆளு. அப்பவே எனக்குப் புரிஞ்சு போச்சு. தாழ்ப்பாளும் அப்படித்தான். உள்ளே போட்டாலும் வெளியில இருந்து ஒரு காசை வச்சுத் திருப்பினா திறக்கும். விருந்தாளி உள்ளே இருக்கும்போது யாரு தம்பி வெளியே இருந்து திறப்பாங்க?

வாட்டம் பாத்த அன்னைக்குத்தான் எனக்கு மனசே விட்டுப் போச்சு. வாட்டம்னா தரையில தண்ணி தேங்காம ஓட்டைப் பக்கம் ஓடுறதுக்கு வைக்கிற சரிவு. இருளப்பன் ஒரு செம்புத் தண்ணி ஊத்தினாரு, ஓடுச்சு, சரி அண்ணாச்சின்னு எந்திரிச்சாரு. கனி விடலை. குடம் குடமா கொண்டாந்து ஊத்துறா. அப்புறம் சேலையைச் சொருகிக்கிட்டு முட்டி போட்டு, உள்ளங்கையால மூலை மூலையாத் தடவிப் பாக்கிறா. "இந்தா, இங்க ஒரு சொட்டு நிக்குது. பேத்துட்டு மறுபடி போடுங்க."

"தாயி, ஒரு சொட்டுதானே..."

"ஒரு சொட்டு நின்னா பாசி பிடிக்கும். பேத்தெடுங்க."

அவர் பேத்துட்டு மறுபடி போட்டாரு. நான் வாசல்ல உக்காந்து பாக்கிறேன். இத்தனை வருசக் குடித்தனத்துல எனக்காக இவ ஒரு நாள் இப்படி முட்டி போட்டு எதையாவது தடவிப் பாத்திருப்பாளா? அண்ணன்னா அது தனிதான்.

ஆனா நானும் லேசுப்பட்டவன் இல்லை. நான் ஒரு வேலை பண்ணினேன், இதைக் கேளுங்க. பைப்பு மாட்டுறதுக்கு முன்னாடி இருளப்பன் கூப்பிடுறாரு, "அண்ணாச்சி, சும்மா ஒரு அளவுக்கு இதுல உக்காருங்க."

"நான் எதுக்கு?"

"யாராவது உக்காந்தாத்தானே அளவு தெரியும்? அம்மாவையா உக்காரச் சொல்ல முடியும்?"

பளிச்சுன்னு ஒரு யோசனை. திரவியம் பனைமரம் மாதிரி உசரம். நான் என் உசரம்தான், பாக்கிறீங்கல்ல. என் அளவுக்கு எல்லாத்தையும் மாட்டிட்டா அவனுக்கு எல்லாமே தாழ்ந்து போய் இடைஞ்சலாயிரும். போய் உக்காந்துட்டேன். "கையை நீட்டுங்க"ன்னாரு, என் கை எங்க சுகமா இருக்கோ அங்க நீட்டினேன். அங்கயே சாக்பீஸால கோடு. அவனுக்கு இடது கைப் பழக்கம், அதனால பைப்பை வலது பக்கம் வைக்கச் சொன்னேன். குழாயை என் கைக்கு எட்டுற தூரத்துல வைக்கச் சொன்னேன். கண்ணாடியைக் கூட என் மூஞ்சி தெரியிற மாதிரி மாட்டச் சொன்னேன். அவன் நின்னா நெஞ்சுமுடி மட்டும்தான் தெரியும். சவரம் பண்ணணும்னா குத்த வச்சுத்தான் பண்ணணும்!

இருளப்பன் சிரிச்சுக்கிட்டே கோடு போட்டாரு. கனி கதவோரம் நின்னு சேலைத் தலைப்பால வாயைப் பொத்திக்கிட்டா. அவ திட்டம் கெட்டுப் போச்சேன்னு வருத்தம்னு நினைச்சேன்.

என்ன தம்பி, நீங்களும் சிரிக்கிறீங்க?

எனக்காகவா? அட போங்க. எனக்கு எதுக்கு? எனக்கு என்ன இடுப்பா ஒடிஞ்சிருக்கு? எனக்குன்னா எனக்குன்னே சொல்லிட்டுப் போகலாம்ல, எதுக்கு ஊரை ஏமாத்துற மாதிரி விருந்தாளிக்கு விருந்தாளிக்குன்னு சொல்லணும்? சொல்லியிருந்தா நான் அப்பவே ஒரே வார்த்தையில வேண்டாம்னு முடிச்சிருப்பேன், செலவும் மிச்சம். நீங்க சின்னப் பிள்ளை, உங்களுக்கு இந்தச் சூது வாது தெரியாது.

அதுக்கப்புறம் நடந்ததைக் கேட்டா உங்களுக்கே புரியும். வேலை முடிஞ்ச மறுவாரம் காலையில பஸ் வந்து நிக்குற சத்தம். அப்புறம் தெருவுல ஒரு நடை. ஒரு கால் அழுத்தி, ஒரு கால் இழுத்து. இந்த நடை எனக்குத் தெரியாத நடை. நிமிந்து பாத்தா திரவியம். வெள்ளை வேட்டி, கையில தட்டு. வாசல்ல நிக்கிறான். படி ஏறலை.

கனி ஓடினா. "வாங்கண்ணே, உள்ள வாங்க."

அவன் என்னைப் பாக்கிறான். நான் அவனைப் பாக்கிறேன். வெளியே போயிருவேன்னு சொன்னவன் நான். ஆனா ஒரு மனுசன் வெயில்ல தட்டோட நிக்கும்போது எந்திரிச்சுப் போக முடியுமா, நீங்களே சொல்லுங்க. அன்னைக்கும் பாருங்க, சட்டையெல்லாம் வேர்வை.

"வாங்க மச்சான்"னேன். மரியாதைக்குத்தான்.

உள்ளே வந்து தட்டை வச்சான். வெத்தலை, பாக்கு, பழம், ஒரு அட்டைப்பெட்டி. தங்கச்சி வீட்டுக்கு வெறுங்கையோட வர மாட்டான், அந்த முறையில குறை சொல்ல மாட்டேன். பெட்டியைத் திறந்தா காலிங் பெல்லு! ஸ்விட்சை வாசல்ல வைக்கலை தம்பி. பாத்ரூமுக்குள்ள, உக்காந்தா கைக்கு எட்டுற இடத்துல வச்சான். தரையில கிடந்தாலும் எட்டட்டும்னு கீழயும் ஒன்னு வச்சான். மணியை அடுப்படிச் சுவர்ல ஒன்னு, வெளி வாசல் சுவர்ல ஒன்னு மாட்டினான். அந்த இடுப்பை வச்சுக்கிட்டு ஏணியில ஏறி அவனே மாட்டினான். நான் ஏணியைப் பிடிச்சுக்கிட்டேன். வேற யாரு பிடிப்பா? விழுந்து வச்சா இங்கயே படுத்துருவான்ல.

தான் இருக்கப் போற இடத்துக்குத் தானே வந்து பெல்லு மாட்டுற துணிச்சலைப் பாருங்க.

அப்புறம் பைப்பை ரெண்டு தடவை இழுத்துப் பாத்தான். முழு பாரத்தையும் போட்டுத் தொங்கிப் பாத்தான். "உறுதியா இருக்கு கனி"ன்னான். இடம் பாத்துட்டான்! ஆனா இதைக் கேளுங்க, காபி குடிச்சுட்டு ஒதுங்கப் போனவன் எங்க போனான் தெரியுமா? பின்னாடி போனான். இடுப்பு ஒடிஞ்ச மனுசன், முன்னாடி பளபளன்னு வெஸ்டர்ன் இருக்கும்போது, பாசி பிடிச்ச கல்லுக்குப் போறான். நான் கேட்டே கேட்டேன், "ஏன் மச்சான், இதுல போறது?"

"இது எனக்கு எதுக்கு மாப்ள"ன்னான்.

என் சந்தேகத்தைத் திசை திருப்புறதுக்குத்தான். பழுத்த ஆளு.

மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூட நிக்கலை. கடையைப் பூட்டிட்டு வந்திருக்கேன்னான். கிளம்பும்போது என் கையைப் பிடிச்சான். "மாப்ள, உடம்பைப் பாத்துக்கோங்க." காது குத்துக்கு அப்புறம் அன்னைக்குத்தான் என் வீட்டுக்கு வர்றான், வந்தவன் போகும்போது இதைத்தான் சொல்றான். மிரட்டலா, நல்லதுக்கா? நான் இன்னும் அதை யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்.

அவன் போனதும் கனி என்கிட்ட கண்டிசனா சொல்லிட்டா, "இந்தா பாருங்க, இது விருந்தாளிக்குன்னு பண்ணினது. நீங்க பாட்டுக்கு இதுல போய் அழுக்கு பண்ணாதீங்க. உங்களுக்குப் பின்னாடி இருக்கு."

எப்படி இருக்கும் எனக்கு? என் வீடு, என் பைப்பு, என் அளவு. நான் போகக்கூடாதாம்! அன்னைக்குச் சாயந்திரமே போனேன். வேணும்னே போனேன். அவன் வந்து உக்காரும்போது அது புதுசா இருக்கக் கூடாது, அவ்வளவுதான் என் எண்ணம். அவ பாத்துட்டா. மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு அடுப்படிக்குப் போயிட்டா. தோத்துட்டோம்னு தெரிஞ்சிருச்சு அவளுக்கு.

அதுலேர்ந்து தினமும் அதுலதான். விடறதில்லை. ரெண்டு நாள் கழிச்சுப் பின்னாடி ஏதோ பாம்பு பாத்தேன்னு சொல்லி அதுக்குப் பூட்டுப் போட்டா. பாம்பும் இல்லை ஒன்னும் இல்லை, கோவம். போட்டுக்கட்டும்னு நானும் இதுக்கு ஒரு பூட்டு வாங்கிப் போட்டு சாவியை இடுப்புல கட்டிக்கிட்டேன். பேச்சி போன் பண்ணி, "என்னப்பா, புது பாத்ரூம் எப்படி இருக்கு?"ன்னு கேட்டா. "உன் மாமன் வந்தா நீயே கேட்டுக்கோ"ன்னேன். அவ சிரிக்கிறா, என்ன சிரிப்போ. முட்டி வலி கூட இப்ப ஒரு மாசமா இல்லை. அந்தத் தைலம் நல்ல தைலம் தம்பி, வேணும்னா கடை பேரு சொல்றேன்.

பைப்பை மட்டும் தினமும் சோதிக்கிறேன். ஆளு வந்து பிடிச்சு, அது பிடுங்கிக்கிட்டு வந்துட்டா பழி என் மேலல்ல விழும்? அதனால உக்காரும்போது ஒரு தடவை, எந்திரிக்கும்போது ஒரு தடவை முழு பாரத்தையும் போட்டுப் பாத்துருவேன். அசையலை. இருளப்பன் வேலை தெரிஞ்ச ஆளுதான், வாய்தான் கூட.

பெல்லையும் அப்படித்தான் சோதிச்சேன். சும்மா ஒரு நாள் உள்ளே இருந்து அமுக்கினேன், மச்சான் கொண்டாந்த சாமான் லச்சணத்தைப் பாப்போம்னு. அடுத்த நிமிசம் கதவு படீர்னு திறக்குது. கையெல்லாம் மாவு. "ஏங்க! ஏங்க!" அப்படின்னு நிக்கிறா.

"ஒன்னுமில்ல, அடிக்குதான்னு பாத்தேன்."

கையை முந்தானையில துடைச்சுக்கிட்டே அடுப்படிக்குப் போயிட்டா. ரெண்டாந் தடவை அமுக்கினப்ப வாசல்ல மீன்காரிகிட்ட பேரம் பேசிக்கிட்டிருந்தா. மீனை அப்படியே விட்டுட்டு ஓடியாந்தா. பூனை ரெண்டைத் தூக்கிட்டுப் போயிருச்சு. அப்பவும் திட்டலை. நிலைப்படியைப் பிடிச்சுக்கிட்டு மூச்சு வாங்குறா. மூணாந் தடவை ஓடியாந்தவ அங்கயே, அந்தக் கதவுகிட்ட, தரையில உக்காந்துட்டா. கொஞ்ச நேரம் எந்திரிக்கலை. நான்தான் பைப்பை விட்டுட்டு வந்து கையைக் குடுத்தேன்.

ஒரு தடவை கூட வராம இருந்ததில்லை தம்பி. ஒரு தடவை, 'போ, சும்மாதான் அமுக்குறாரு'ன்னு இருந்ததில்லை. என் மேல அவ்வளவு சந்தேகம் அவளுக்கு. உள்ளே நான் எதையாவது உடைச்சுப்புடுவேன்னு.

சரி சரி, எந்திரிங்க. மூஞ்சியே மாறிப் போச்சு உங்களுக்கு. ஒன்னு மட்டும் கேக்கிறேன், நீங்க சங்கரன்கோவில் பக்கம் இல்லையே? திரவியத்துக்கு ஒன்னு விட்ட சொந்தம் அது இதுன்னு எதுவும் இல்லையே? இல்லைல்ல? இந்தாங்க சாவி. கயித்தோட இருக்கு, இருங்க, நானே திறக்கிறேன். கதவு வெளியே வரும், மூக்கைப் பாத்துக்கோங்க. கண்ணாடியில தலை தெரியாது உங்களுக்கு, குனிஞ்சுக்கோங்க.

அந்தப் பெல்லு மட்டும், மேல ஒன்னு, கீழ ஒன்னு. தெரியாமக் கூடக் கை பட்டுறாம. குழாய்ல இருந்து குடத்தைப் போட்டுட்டு ஓடியாருவா. வெயிலு வேற.

அவளுக்கும் முட்டி சரியில்லை தம்பி.